வார்டன் கட்டிய தேனீ விடுதி

எங்கள் ஹவுஸ் ஓனர் எங்களைக் காலி செய்யச் சொன்ன அதே நாளில்தான் தேனீக்களுக்கு வீடு கட்ட ஆரம்பித்தார். கோபத்தில் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காலையில் மாடிக்கு வந்து, "குழந்தை பொறக்கறதுக்குள்ள வேற இடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியவர், நேராகத் தோட்டத்துக்குப் போய் ஒரு மரக்கட்டையை மேஜையில் வைத்துத் துளை போட ஆரம்பித்துவிட்டார். அந்த மெஷின் சத்தம் என் வயிறு வரைக்கும் வந்தது. உள்ளே இருந்தது ஓங்கி ஒரு உதை விட்டது. என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

ஓனரை நாங்கள் வார்டன் என்றுதான் சொல்வோம், அவர் காதில் விழாத தூரத்தில். அதைப் பட்டப்பெயர் என்றும் சொல்ல முடியாது. ஆண்கள் விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெற்ற நாள் வரை அவர் வார்டனாகவே இருந்தவர். வேலை அவரை விட்டுவிட்டது, அவர் வேலையை விடவில்லை. கீழே அவரும் அவர் மனைவியும், மாடியில் நானும் என் கணவரும். படியேறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், சத்தம் கேட்கும். வாஷிங் மெஷினை அவர் தூங்கும் நேரத்தில் போடக் கூடாது, அவர் எந்த நேரத்தில் தூங்குவார் என்று நாம் கேட்கவும் கூடாது. சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. எங்கள் கல்யாண போட்டோ குடிவந்த நாளிலிருந்து ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. விருந்தாளி வந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். என் அம்மா ஒருமுறை சொல்லாமல் வந்துவிட்டாள். வாசலிலேயே நிறுத்தி, யார், எதற்கு, எத்தனை நாள் என்று மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார். அதற்குப் பிறகு அம்மா என்னை போனில்தான் பார்க்கிறாள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. மாடிக்கு ரெண்டு பேர். குடிவந்த அன்றே விரலை மடக்கிக் காட்டிச் சொன்னார். அப்போது நாங்களும் ரெண்டு பேர்தான் இருந்தோம், அதனால் அது பெரிய சட்டமாகவே தெரியவில்லை.

"குழந்தையைப் போய் ஒரு ஆளா எண்ணுவாரா யாராவது?" என்று அன்று மாலை என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் எடை, கொள்ளளவு என்று யோசிக்கிற ஆள். "அவர் சொல்றதும் ஒரு விதத்துல நியாயம்தான். லிஃப்ட்லகூட எத்தனை பேர்னு எழுதி ஒட்டியிருப்போம்ல?" என்றார்.

"அந்த மூணாவது ஆளை ஏத்தினது யாராம்?" என்றேன்.

மனிதர் மறுநாள் வார்டனிடம் பேசிப் பார்க்கிறேன் என்று வீறாப்பாக இறங்கிப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். என்ன சொன்னீர்கள் என்றால், "சரி சார்னு சொன்னேன்" என்கிறார். வேறு எதையோ பேசப் போனவர்தான், வார்டன் முகத்தைப் பார்த்ததும் அந்த ஒரு வாக்கியம்தான் மிச்சமாம்.

வார்டனுக்குத் தேனீ ஆசை வந்ததற்குக் காரணம் பூசணிக்காய். தோட்டத்தில் கொடி படர்ந்து கிடந்தது. பூவுக்குக் குறைவில்லை, காய் மட்டும் பிடிக்கவே இல்லை. அவர் காலையில் நடக்கப் போகும் பூங்காவுக்கு, கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஒரு டீச்சரும் வருவார். அவரிடம் கேட்டிருக்கிறார். தேனீ வராத தோட்டத்தில் காய் எப்படிப் பிடிக்கும், கூட்டமாக வாழாத தேனீக்கள் இருக்கின்றன, மரக்கட்டையில் துளை போட்டு வெயில் படும் இடத்தில் வைத்தால் தேடி வரும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பாதி கேட்டதுமே மீதியும் தெரிந்துவிட்டதாக எழுந்து வந்துவிடுவது வார்டனின் வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்திருக்கிறார்.

"இதுங்களுக்கு ராணி கிடையாது, கூட்டம் கிடையாது," என்று இவரை நிறுத்திவைத்து விளக்கினார். "சத்தம் போடாது. நாம வம்புக்குப் போகாத வரைக்கும் கொட்டாது. தண்ணி செலவு இல்ல. சொந்தக்காரங்க வரப் போக இல்ல. ஒரு துளைக்கு ஒண்ணு, தன் வேலையைத் தான் பாத்துக்கிட்டுக் கிடக்கும்."

வாழ்நாள் முழுக்க அவர் தேடிய விடுதி மாணவன் கடைசியில் பூச்சி ஜாதியில் அகப்பட்டுவிட்டான். அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததே இல்லை. கொட்டாது என்று அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாரே, என்னைப் பற்றி அப்படி யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் என் உத்தியோகம்.

வீடு தயாரானது. வீடா அது, மாளிகை. நல்ல கெட்டி மரம், மழை படாமல் கூரை, பென்சில் நுழையும் அளவில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கு மேலும் வெள்ளை பெயின்டில் ரூம் நம்பர். துளைகளைப் பின்பக்கம் வரைக்கும் ஊடுருவிப் போட்டிருந்தார். ஏன் சார் என்று இவர் கேட்டாராம்.

"பின்பக்கம் அடைச்சு வச்சா உள்ள என்ன பண்றாங்கன்னு எப்படித் தெரியும்? எங்க விடுதியில எல்லா ரூமுக்கும் பின்னாடி நான் ஒரு ஜன்னல் வச்சிருந்தேன். முன்னாடி தட்டிட்டுப் பின்னாடி போய் நின்னுடுவேன். ஒருத்தன் தப்பிச்சதில்ல."

காலை வெயில் படும் இடம் அந்த வீட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. வெளிப்படி ஏறி முடியும் இடத்தில், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு குட்டைச் சுவர். அதன் மேல்தான் தேனீப் பெட்டியை வைப்பது என்று முடிவாயிற்று. போட்டோ மாட்ட ஒரு சின்ன ஆணிக்கு அனுமதி தராத மகான், என் கண்ணெதிரே அந்தச் சுவரில் கட்டைவிரல் தடிமனுக்கு போல்ட் இறக்கினார். பெட்டியின் முகம் தோட்டத்தைப் பார்த்திருந்தது, முதுகு என் ஜன்னலைப் பார்த்திருந்தது. அடுப்படியில் நின்று பார்த்தால் ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு பொட்டுத் தோட்டம் தெரியும்.

விடுதி திறந்தாயிற்று. வார்டன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். யாரும் சேரவில்லை.

தேனீக்கள் வராமல் இல்லை. வந்தன. முன்பக்கம் நுழைந்து, பின்பக்கம் வெளியே வந்து, அப்படியே பறந்து போய்விட்டன. வீடு பார்க்கப் போன நாங்களும் பல இடத்தில் இதையேதான் செய்துகொண்டிருந்தோம் என்பதால் எனக்கு அவற்றின் மனநிலை நன்றாகப் புரிந்தது. ஒரே ஒரு தேனீ கொஞ்சம் தைரியமாக ஒரு துளைக்குள் தங்கி எதையோ ஆராய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வார்டன் பூனை நடை நடந்து மேலே வந்து, பின்பக்கம் குனிந்து, டார்ச் அடித்துக் கண்ணை வைத்தார். அது போன வேகம் இருக்கிறதே, அடுத்த தெருவில் போய்த்தான் மூச்சு விட்டிருக்கும்.

பழி எங்கள் மேல் விழுந்தது. நான் தாளிக்கும் புகை ஒரு காரணம். இவர் குறட்டை ஒரு காரணம். நான் போனில் அம்மாவிடம் சிரித்துப் பேசுவது முக்கியமான காரணம். "நீங்க காலி பண்ணினதும் எல்லாம் சரியாயிடும்" என்று ஆறுதலும் சொன்னார். மாடிக்கு ரெண்டு பசங்களைப் பேசி முடித்துவிட்டாராம். படிக்கிற பசங்க. கல்யாணம், குழந்தை என்ற தொல்லை இல்லாதவர்கள்.

நாங்கள் வீடு பார்த்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஒரு வீட்டில் நாய் வளர்க்கலாம், பூனை வளர்க்கலாம், குழந்தை மட்டும் வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டின் குளியலறையில் நான் நுழைந்தால் கதவு மூடவில்லை, கதவைச் சாத்தினால் நான் நுழையவில்லை. எல்லாம் பொருத்தமாக இருந்த ஒரு வீடு என் வேலை இடத்திலிருந்தும் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்தும் அவ்வளவு தூரம், வலி எடுத்ததும் கிளம்பினால் குழந்தை வழியில் இறங்கிக்கொள்ளும். வீட்டு புரோக்கர் ஒருவர் ரகசியமாக ஒரு யோசனை சொன்னார். "ஓனர்கிட்ட இப்போதைக்குக் குழந்தைப் பேச்சை எடுக்க வேணாம். கைப்பையை முன்னாடி பிடிச்சுக்கிட்டு நில்லுங்க." என் வயிறு அப்போது இருந்த இருப்புக்குக் கைப்பை போதாது, பீரோவைத்தான் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பகலில் சிரித்துவிடுவேன். இவர் வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்தால் பயம் வந்துவிடும். இந்தப் பிள்ளையை எந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரப் போகிறேன் என்று தெரியாமலே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டுமே. தொட்டில் வாங்கவில்லை. வாங்கி எங்கே வைப்பது?

பிரசவ விடுப்பு எடுத்த பிறகு சமையலறை ஜன்னல்தான் எனக்குப் பொழுதுபோக்கு. அப்படி நிற்கும்போதுதான் அதைக் கவனித்தேன். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், எந்தக் காலத்திலோ யாரோ பெரிய ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு தேனீ போவதும் வருவதுமாக இருந்தது. போகும்போது வயிற்றில் மஞ்சள் மகரந்தம், வரும்போது ஒன்றுமில்லை. பிறகு வாயில் ஈர மண் உருண்டை. கொண்டுவந்து, வைத்து, தலையால் இடித்து, மறுபடி ஓடி, மறுபடி மண். கடைசியில் ஓட்டை வாயைக் கொத்தனார் மாதிரி பூசி அடைத்தது. எதிரே ராஜ மாளிகை காலியாகக் கிடக்க, இந்த அம்மாள் ஆணி ஓட்டையில் வந்து குடியேறியிருக்கிறாள். ஏன் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆணி ஓட்டைக்குப் பின்பக்கம் சுவர் இருந்தது.

வார்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தார். "யார் அடிச்ச ஆணி இது?" என்றார்.

"சார், தேனீயைப் பாருங்க சார்."

"பாத்தேன். ஆணி யார் அடிச்சது?"

"யாரோ ஒரு புண்ணியவான். சார், அதுக்குப் பின்பக்கம் அடைச்ச இடம் வேணும் சார். நீங்க கட்டின ரூம்ல முன்னாடியும் வாசல், பின்னாடியும் வாசல், நடுவுல உங்க டார்ச். மானமுள்ள யாராவது குடி வருவாங்களா?"

மூக்கு விடைத்தது. விடுவிடுவென்று இறங்கிப் போனார். ஆனால் மறுநாள் ஒரு பலகையுடன் வந்து பெட்டியின் முதுகில் இடைவெளி இல்லாமல் அறைந்தார். ஒவ்வொரு ஸ்குரூவையும் முடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணுக்கே பட்டை கட்டிவிட்டது போல அவ்வளவு துக்கம்.

அதற்குப் பிறகு விடுதியில் இடம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்தன. மண்ணும் மகரந்தமும் சுமந்துகொண்டு காலை முழுக்க ஓட்டம். ஒவ்வொரு ரூமாக வாசல் அடைபட்டது. வார்டன் தோட்டத்தில் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். நான் படியிறங்கினால் உதட்டில் விரலை வைத்து "ஷ்" என்பார். செருப்பு என் கையில்தான் இருந்தது, மூச்சைத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். அதையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாரோ என்னவோ.

ஒரே ஒரு குறை மட்டும் அவரை அரித்தது. இருட்டும் நேரத்தில் ஆள் கணக்கு எடுக்க வருவார். வாசல்கள் அடைத்திருக்கும், உள்ளே இருந்து சத்தமே வராது, வெளியே ஒரு தேனீயும் தென்படாது. "வாசலை உள்பக்கமா பூட்டிக்கிட்டாங்களா, வெளிப்பக்கமா பூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்று இவரிடம் கவலையோடு கேட்டார். சரி சார் என்று இவர் பதில் சொன்னார். கடைசியில் பூச்சி டீச்சரையே வீட்டுக்கு அழைத்துவிட்டார்.

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி, காலில் சத்தம் போடும் செருப்பு. அதைக் கழற்றச் சொல்ல வார்டனுக்குத் தைரியம் வரவில்லை. அவர் பின்னாலேயே வார்டனும், கடைசிப் படியில் பாதி மறைந்தபடி வார்டன் மனைவியும் ஏறி வந்தார்கள். அந்த அம்மா அதிகம் பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்தால் முதலில் வயிற்றைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார், ஏதோ கேட்க வருவது போல வந்து உள்ளே போய்விடுவார்.

"அருமையா வந்திருக்கு சார்," என்றார் டீச்சர். "மொத்தம் எத்தனை பேர் இருக்காங்கன்னு நினைக்கிறீங்க?"

"அடைச்ச கதவை எண்ணிக்கங்க. ரூமுக்கு ஒண்ணு," என்றார் வார்டன், பெருமையை அடக்கிக்கொண்டு.

"ஒண்ணா? அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க எழுந்து போயிட்டீங்க. ஒவ்வொரு துளைக்குள்ளயும் வரிசையா அஞ்சாறு அறை தடுத்து வச்சிருக்கும் சார். அறைக்கு ஒரு முட்டை. பக்கத்துல ஒரு உருண்டை சாப்பாடு, மகரந்தமும் தேனும் பிசைஞ்சது. நடுவுல மண் சுவர்."

"அப்ப வந்து போற அந்தப் பெரிய தேனீ?"

"அது அம்மா. அது குடியிருக்கவா வருது? பிள்ளை பெத்து வைக்கத்தான் வீடு தேடி அலையுது. ஒத்த ஆளா எல்லாத்தையும் செஞ்சு, வாசலை அடைச்சிட்டுப் போயிடும். பாவம், பிள்ளைங்க வெளிய வர்றதைப் பாக்க அது உயிரோட இருக்காது."

வார்டன் பெட்டியைப் பார்த்தார். நம்பர் போட்ட அந்த ரூம்களை வரிசையாகப் பார்த்தார். "அப்ப இது..." என்று இழுத்தார்.

"பிரசவ ஆஸ்பத்திரி சார்," என்றேன் நான். "எல்லாமே ஜெனரல் வார்டு."

சிரிப்பு பீறிட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிடிப்பதற்கு நிறையவே இருந்தது. டீச்சருக்கு விஷயம் புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். இவர் மட்டும் லிஃப்ட் அறுந்து விழப்போகிற முகத்தோடு நின்றார்.

அப்போது கடைசிப் படியிலிருந்து ஒரு மெல்லிய குரல். "ரூமுக்கு ஒண்ணுக்கு மேல ஆயிடுச்சுன்னா, இதுங்களையும் காலி பண்ணச் சொல்லிடுங்களேன்."

வார்டன் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கண்ணை எடுக்கவில்லை. டீச்சர்தான் பதறிப்போனார். "ஐயையோ, தொடவே கூடாதும்மா. அடுத்த பூப் பருவத்துலதான் வெளிய வரும். அதுவரைக்கும் பெட்டி ஆடக் கூடாது, புகை கூடாது, கொசு மருந்து அடிக்கக் கூடாது, சோப்புத் தண்ணி தெறிக்கக் கூடாது. மாடியில இருக்கறவங்க கையிலதான் இதுங்க உயிரே இருக்கு."

வார்டன் முகத்திலிருந்து ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். ரத்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

மாலையில் மேலே வந்தார். பின்னாலேயே அந்த அம்மாவும். வார்டன் தொண்டையைச் செருமினார்.

"புதுசா வர்ற பசங்களை வேணாம்னு சொல்லிட்டேன். பசங்களை எனக்குத் தெரியாதா? சிகரெட்டு பிடிப்பானுங்க. ஈரத்துணியை இது மேலேயே காயப் போடுவானுங்க. குச்சியை விட்டு நோண்டிப் பாப்பானுங்க. நீங்க பொறுப்பானவங்க. அதனால தேனீக்குஞ்சு எல்லாம் வெளிய வர்ற வரைக்கும் நீங்க இங்கயே இருக்கலாம்."

"சரி சார்!" என்றார் இவர். சந்தோஷத்தில் குரலே உடைந்துவிட்டது.

"அதுக்கப்புறம்?" என்றேன் நான்.

"அதுக்கப்புறம் ரூல்படி."

எனக்கு வந்த கோபத்தை எந்தப் பாத்திரத்தில் பிடித்து வைக்க முடியும்? "பூச்சியோட பிள்ளை வெளிய வந்ததும் என் பிள்ளை வெளிய போகணுமா சார்? தவழுற குழந்தையைத் தூக்கிக்கிட்டு மறுபடி நான் தெருத்தெருவா வீடு தேடணுமா? இதுங்களுக்குக் காவலுக்குத்தான் என் குழந்தைக்கு இடம்னா, அந்த இடம் எனக்கு வேணாம். நாளைக்கே போறோம். அந்தப் பசங்களையே கூப்பிட்டுக்கங்க. நான் இந்தப் பெட்டியைத் தொட மாட்டேன், அதுவும் ஒரு தாய் கட்டினது. ஆனா காவலும் இருக்க மாட்டேன்."

போவதற்கு ஒரு வீடு இல்லை என்பது எனக்கே தெரியும். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே சண்டை போடுவதைப் போல ஒரு கேவலம் உலகத்தில் இல்லை.

பக்கத்தில் இவர் அசைந்தார். "அவ சொல்றது... அவ சொல்றதுதான் சரி சார்," என்றார். ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து கேட்பது போல ஒரு குரல். ஆனால் கேட்டது.

"நான் யாருக்கும் பாரபட்சம் பாத்ததில்ல," என்றார் வார்டன் விறைப்பாக. "எல்லாருக்கும் ஒரே ரூல்."

"ஆமாம்மா, அது உண்மை," என்றார் அவர் மனைவி. என்னிடம்தான் சொன்னார், ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாரபட்சமே பாக்க மாட்டார். இந்த மாடியில முதல்ல இருந்தது எங்க பையன். மருமக முழுகாம இருந்தா. ரெண்டு பேர்னு சொல்லித்தான விட்டேன்னு, பெத்த பிள்ளை கதவுல நோட்டீஸ் எழுதி ஒட்டினார். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. சாமானைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். பேத்திக்கு இப்ப பல்லு விழுந்து முளைக்குதாம். நான் இன்னும் ஒரு தடவை தூக்கிப் பாத்ததில்ல. இனிமே தூக்கவும் முடியாது, வளந்திருப்பா."

வார்டன் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு அவர் பின்னால் போனார்.

மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போன பிறகு கதவு தட்டப்பட்டது. வார்டன் நின்றார். முன்பக்கம்தான், ஒழுங்காகத் தட்டிவிட்டு. கையில் ஒரு சாவி. இந்த வீட்டில் வெளிக் கேட்டுக்கு ஆளுக்கு ஒரு சாவி, ஒருவர் சாவியை இன்னொருவர் தொடக் கூடாது. கடையில் புதிதாக வெட்டி வாங்கியிருந்தார், விளிம்பெல்லாம் பளபளவென்று இருந்தது.

"மூணாவது ஆளுக்கு," என்று நீட்டினார்.

நான் உடனே வாங்கவில்லை. "அது வாயில போட்டுக் கடிக்கத்தான் சார் போகுது."

"கடிக்கட்டும். கழுவிக் குடுங்க."

"தேனீ எல்லாம் வெளிய போனதுக்கு அப்புறம்?"

"அப்புறமும் சாவி சாவிதான்," என்றார். குரலில் வழக்கமான அதட்டல் இருந்தது, கண்ணில் இல்லை. "பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் படியேறும்போது கம்பியைப் பிடிச்சுக்கங்க. அதுக்குத்தான் போட்டிருக்கு."

வாங்கிக்கொண்டேன். போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. படியோரத்து இரும்புக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

"என் மருமக இறங்கிப் போனப்ப இந்தக் கம்பி கிடையாது. வயித்தோட, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கினா. நான் கீழ கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் வெளிய போனதும் பூட்டணுமேன்னு."

அவர் கம்பியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார். கடைசிப் படி வரைக்கும் அவர் போய்ச் சேருவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கதவைச் சாத்தினேன்.